காற்றுத் துப்பாக்கி வாங்க நினைக்கும் அங்கத்தினர்களுக்கு

கடம்பூர், கயத்தாறு, கழுகுமலைப் பகுதிகளில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களை மூடிவைத்த பிறகு அங்கத்தினர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கலாமா? அதிலும் விலை மலிந்த, 'ரெகுலேட்டர்' இல்லாத வகையை வாங்கினால் பணம் வீணாகுமா? கேட்பவருள் உழவரும் உண்டு, நெசவாளரும் உண்டு. உழவர் மயிலையும் பன்றியையும் மனத்தில் வைத்துக் கேட்கிறார். நெசவாளர் தம் மகன் ஒலிம்பிக் பந்தயத்தில் கண்ட குறிபார்க்கும் போட்டியை எண்ணிக் கேட்கிறார்.

கூட்டுறவு ஆய்வாளனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. ஓர் அங்கத்தினர் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டோ, கைமாற்று வாங்கியோ ஒரு பொருளை வாங்கத் துணியும்போது, அப்பொருளின் பயனையும் உண்மையான செலவையும் அவருக்கு எடுத்துரைப்பது கூட்டுறவின் முதற்கடமைகளுள் ஒன்று. விதைக்கும் நூலுக்கும் செய்கிற அந்த ஆராய்ச்சியை இதற்கும் செய்வதில் தவறில்லை.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பயிரைக் காப்பதற்கென்று இத்துப்பாக்கியை வாங்க வேண்டா. அது பயிரைக் காவாது, வாங்கியவரையும் காவாது. பத்து மீட்டர் தூரத்தில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு என்றால், ரெகுலேட்டர் இல்லாத எளிய வகையே போதும். அதற்கு மேல் பணம் கொடுப்பது வீண். அதையும் வீட்டுக்கொன்றாக வாங்காமல் பலர் கூடி ஒன்றாக வாங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். இவற்றுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

எதற்காக வாங்குவது?

கரிசல் நிலத்து மானாவாரி உழவரின் துன்பத்தை நாம் அறியாமல் இல்லை. புரட்டாசியில் வானத்தை நம்பி விதைத்த உளுந்தையும் பாசிப்பயற்றையும் முளைக்கு முன்பே மயில் கிளறித் தின்கிறது. தப்பியது காய்க்கும்போது மீண்டும் வருகிறது. மக்காச்சோளக் கதிர் பால்பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றி ஓர் இரவில் குறுக்குச் செறுவைப் படுக்கவைத்துவிட்டுப் போகிறது. குருமலைக் காட்டை அடுத்த புஞ்சைகளில் புள்ளிமானும் சேர்ந்துகொள்கிறது. கடன் தவணை தவறியவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் பார்க்கும்போது, அவற்றுட் சிலவற்றின் பின்னால் இந்தச் சேதம் நிற்பதை நாம் உணர்கிறோம். "மயிலுக்குச் சட்டம் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா?" என்று ஓர் உழவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்த நியாயத்தைக் காற்றுத் துப்பாக்கி வாங்கித்தராது. மயில் 1963-இல் நம் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள உயிரை வேட்டையாடியவருக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை செல்லக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. கொன்றால்தான் வேட்டை என்று எண்ண வேண்டா. காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. ஒரு மூட்டை உளுந்தைக் காக்கப் புறப்பட்டவர் மூன்று பருவ விளைச்சலையும் சிறையிலிருந்தே எண்ணிப் பார்க்க நேரும்.

காட்டுப்பன்றியின் நிலை வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கு இடமுண்டு. அவ்வுரிமை பயிற்சி பெற்ற அரசுப் பணியாளருக்கே உரியது. நில உடைமையாளருக்கு அன்று. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இக்கருவி அவ்வேலைக்கு உதவாது. உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கியின் உச்ச ஆற்றல் 20 ஜூல். அதாவது, இரண்டு கிலோ எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல். நூறு கிலோ எடையையும் எட்டக்கூடிய பன்றியின் தடித்த தோலில் அரை கிராம் ஈயக்குண்டு என்ன செய்யும்? புண்படுத்தும், அவ்வளவே. புண்பட்ட பன்றி மறுநாள் விடியலில் பருத்திக் காட்டுக்குள் பதுங்கியிருக்கும்போது, அதன் எதிரே போய் நிற்பவர் களையெடுக்க வந்த பெண்களாகவே இருப்பர்.

இன்னொன்றும் கருதற்பாலது. நமது கரிசல் வெளி சமதளம். குண்டைத் தடுக்க மேடில்லை, பாறையில்லை. குறி தப்பிய குண்டு சில நூறு மீட்டர் செல்லவல்லது. சீமைக்கருவேலுக்குப் பின்னால் ஆடு மேய்க்கும் சிறுவன் இருப்பதும், அடுத்த புஞ்சையில் கிடை மறித்தவர் படுத்திருப்பதும் சுடுபவர் கண்ணுக்குத் தெரியாது. பன்றியின் தோலில் தோற்ற அதே குண்டு ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் அக்கண் போயிற்று.

ஆகவே பயிரைக் காக்கும் வழிகளை வேறிடத்தில் தேட வேண்டும். வயலைச் சுற்றிப் பழஞ்சேலைகளைக் கட்டிவைப்பது நம்மூரில் புதிதன்று. பரண் கட்டி முறைவைத்துக் காவல் இருப்பதும் புதிதன்று. ஒருவர் தனியே நான்கு இரவு விழித்தால் ஐந்தாம் இரவு உறங்கிவிடுவார். பத்து வயல்காரர் கூடி முறை வகுத்தால் பத்து நாளுக்கு ஓர் இரவு விழித்தால் போதும். கூட்டுறவு என்பது இதுதான். சேதம் நேர்ந்தபின் வனத்துறைக்கு இழப்பீட்டு மனு கொடுப்பதற்கும் வழியிருக்கிறது. நிழற்படம், நில ஆவணம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றைச் சேர்த்து அங்கத்தினருக்கு மனு எழுதித் தருவதை அந்தந்தச் சங்கத்தின் செயலாளர் தம் வேலையாகக் கொள்ளலாம். துப்பாக்கிக்குப் போகும் பணத்தைவிட இந்த மனுவுக்குப் போகும் ஒரு மணி நேரம் பயன் தரும்.

ரெகுலேட்டர் இல்லாதது என்றால் என்ன?

இனி, குறிபார்க்கும் பயிற்சிக்கென்று கேட்பவர்க்கு வருவோம். இவ்வாசையை நாம் வரவேற்கிறோம். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார்; ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனித்துப் பெற்ற முதல் தங்கம் அதுவே. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் பெற்றார். ஹாக்கி மட்டையைப் பிடித்த கோவில்பட்டிச் சீமைப் பிள்ளைகளின் கை, துப்பாக்கியைப் பிடிக்கவும் தகுந்ததே.

'ரெகுலேட்டர் இல்லாதது' என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதனைச் சட்டக் கட்டுப்பாடு இல்லாதது என்று பொருள்கொள்வாரும் உளர். அது தவறு. அச்சொல் துப்பாக்கியின் உள்ளுறுப்பு ஒன்றைக் குறிப்பது, சட்டத்தைக் குறிப்பதன்று.

திருவிழாவில் பலூன் சுடும் கடையில் நாம் காணும் துப்பாக்கி வில்சுருள் வகையைச் சேர்ந்தது. குழலை மடக்கி வில்லை இழுத்து வைத்தால், விசையை அழுத்தும்போது வில் விரிந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளும். இப்போது பேசப்படும் வகை வேறு. இதில் குழலுக்குக் கீழே உள்ள உருளையில் காற்றை முன்கூட்டியே ஏறத்தாழ 200 பார் அழுத்தத்துக்கு அடைத்து வைக்கிறார்கள். இது காரின் சக்கரத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம். விசையை அழுத்தினால் ஒரு சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டும். ஒரு துளிக் காற்று வெளிப்பட்டுக் குண்டை உந்தும். வில் அதிராதபடியால் குறி எளிதில் அமையும்; ஒருமுறை அடைத்த காற்று பல குண்டுகளுக்கு வரும்.

இம்முறை புதியதன்று. ஜிரார்தோனி என்பவர் வகுத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டது. 1804-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுசென்றனர். அந்நாளைய உருளையை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை கைப்பம்பு அடிக்க வேண்டியிருந்ததாம். அதிலும் ரெகுலேட்டர் இல்லை.

ரெகுலேட்டர் என்பதை நம் அடுக்களையில் காணலாம். சமையல் எரிவாயு உருளை நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் அடுப்புக்கு ஒரே அழுத்தத்தில் வாயு செல்லும்படி செய்வது அந்தச் சிறு கருவியே. துப்பாக்கியிலும் அவ்வாறே. அது இருந்தால், உருளையில் 200 பார் இருந்தாலும் 140 பார் இருந்தாலும் வால்வுக்கு ஒரே அழுத்தம் வரும். குண்டுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும். அது இல்லையென்றால், உருளையின் அழுத்தமே வால்வின் மேல் நேராக அமரும். முழுக்க நிரப்பிய நிலையில் அவ்வழுத்தம் வால்வை இறுக மூடிப் பிடிப்பதால் சுத்தியல் அதைச் சிறிதே திறக்கிறது; குண்டு மெதுவாகச் செல்கிறது. காற்றுக் குறையக் குறைய வால்வு தாராளமாகத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது. பிறகு காற்றே போதாமல் வேகம் இறங்குகிறது. ஏறி, சமமாக நின்று, இறங்கும் இப்போக்கை உணர்ந்துகொண்டால் ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியின் இரகசியம் முழுதும் விளங்கிவிடும். அந்தச் சமமான நடுப்பகுதியில் மட்டும் சுட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு துப்பாக்கியில் 190 பாரிலிருந்து 120 பார் வரை வேகம் சீராக இருப்பதாகக் கொள்வோம். அதன் உடையவர் 200-க்கு நிரப்பாமல் 190-க்கே நிரப்பி, 120 வந்ததும் நிறுத்திவிடுவார். இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் குண்டின் எண், அழுத்தமானி காட்டும் அளவு, வேகமானி காட்டும் வேகம் என்று மூன்று பத்தி வரைந்து, நாற்பது குண்டுகளைச் சுட்டுக் குறித்துக்கொண்டால் போதும். வேகமானி இல்லாதவர் பயிற்சித் தளங்களில் உள்ளதைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையன்று.

நெசவாளர்க்கு வேறொரு விதமாகவும் சொல்லலாம். விசைத்தறியில் ஊடையைத் தட்டும் அழுத்தத்தை எந்திரம் பார்த்துக்கொள்கிறது. கைத்தறியில் அதை நெசவாளரின் கையே பார்த்துக்கொள்கிறது. கை சீராக இருந்தால் துணியும் சீராக வரும். கை தளர்ந்த இடம் துணியில் தெரியும். ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கி கைத்தறியைப் போன்றது. எந்திரத்திலிருந்து நீக்கிய ஒழுங்கை அதன் உடையவர் தம் பழக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விலை அதிகம் கொடுத்து ரெகுலேட்டர் உள்ளதையே வாங்கிவிடலாமே என்பர் சிலர். எவ்வளவு நன்மைக்கு எவ்வளவு விலை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்திலும், மற்றொன்று 235 மீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 10 மீட்டர் தூரத்தில் முதற்குண்டு 8 மில்லிமீட்டரும் இரண்டாவது 9 மில்லிமீட்டரும் தாழும். வேறுபாடு 1 மில்லிமீட்டர். பந்தய இலக்கின் வட்டங்கள் ஒன்றுக்கொன்று 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பவை. புதிதாகப் பழகும் பிள்ளையின் கை நடுக்கம் இதைவிடப் பன்மடங்கு பெரிது. அதே இரு குண்டுகளும் 50 மீட்டர் சென்றால் வேறுபாடு 26 மில்லிமீட்டராகப் பெருகும். அங்கே ரெகுலேட்டருக்கு வேலை உண்டு. நம் ஊரில் பாதுகாப்பாக அமைக்கக்கூடிய தளம் 10 மீட்டரே ஆதலால், தேவையற்ற ஒரு நுட்பத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டா என்கிறோம். அவ்வுறுப்பு இல்லாததனால் பழுதாகும் பகுதியும் ஒன்று குறைகிறது. உள்ளூர்ப் பட்டறைக்காரரும் புரிந்துகொள்ளக்கூடிய எளிய அமைப்பு எஞ்சுகிறது.

பந்தயத்தில் முன்னேற விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. போட்டித் துப்பாக்கிகள் ரெகுலேட்டர் உள்ளவை, விலை மிக்கவை, போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கருவிக்கு இடமில்லை. மலிவுத் துப்பாக்கியை வாங்கி அதையே பந்தயத்துக்குக் கொண்டுபோகலாம் என எண்ணிவிட வேண்டா. அது மூச்சையும் விரலையும் நிலையையும் பழக்குவதற்கு உரியது. மேற்கொண்டு செல்ல விரும்புவோர் துப்பாக்கிக் கழகம் ஒன்றில் சேர்ந்து, அங்குள்ள கருவியில் சுட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்க.

சட்டம் வரைந்த எல்லை

நமது பகுதியில் படைக்கலம் பற்றிய பேச்சு எழும்போது பழைய நினைவுகளும் எழுவது இயல்பு. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் பாளையக்காரரின் படைக்கலங்களைக் கும்பினியார் பறித்தனர். 1878-இல் வெள்ளையர் இயற்றிய ஆயுதச் சட்டம் மக்களை நம்பாத சட்டம். ஆனால் இன்றுள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாராளுமன்றம் இயற்றியது. அதன்கீழ் 2016-இல் வகுத்த விதிகள், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை என்கின்றன. இது குடிமக்கள் மீது வைத்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பது நம் பொறுப்பு.

இரண்டு எல்லைகளில் எது மீறினாலும் உரிமம் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் குழலுள்ளதை எவரேனும் "இதற்கும் ஒன்றும் வேண்டாம்" என்று விற்க முன்வந்தால் நம்பற்க. ஆற்றலைப் பொறுத்தவரை, குண்டின் எடையைக் கிலோகிராமில் கொண்டு, வேகத்தால் இருமுறை பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 0.52 கிராம் குண்டு நொடிக்கு 265 மீட்டர் சென்றால் அது ஏறத்தாழ 18 ஜூல், எல்லைக்குள் இருக்கிறது. 0.67 கிராம் எடையுள்ள கனத்த குண்டு 245 மீட்டர் சென்றாலே 20 ஜூலைத் தாண்டிவிடும். முன்னடைத்த காற்று வகையில் கனத்த குண்டு பெரும்பாலும் கூடுதல் ஆற்றலையே பெறுகிறது என்பதையும் நினைவில் வைக்க.

இங்கேதான் ரெகுலேட்டர் இல்லாமை சட்டத்தோடு வந்து சேர்கிறது. இவ்வகையில் வேகம் ஏறி இறங்குவதால், முதற்குண்டின் ஆற்றலைக் கொண்டு திருப்திப்படலாகாது. வேகம் உச்சத்தில் நிற்கும் குண்டின் ஆற்றல் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றியும், சுத்தியலின் வில்லை முறுக்க ஒரு திருகு பல துப்பாக்கிகளில் இருக்கும். பட்டறையில் அதை முறுக்கி "வேகம் கூட்டித் தருகிறோம்" என்பாரும் உண்டு. அவ்வாறு முறுக்கிய நொடியில் உரிமம் வேண்டாத கருவி உரிமமற்ற ஆயுதமாக மாறிவிடக்கூடும். பிறகு வழக்கு வருவது திருகியவர் மீதன்று, வைத்திருப்பவர் மீது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விலைகளை நாம் இங்கே குறிப்பிடவில்லை; அவை மாதந்தோறும் மாறுவன. ஆனால் விலைச்சீட்டில் உள்ள தொகை முழுச்செலவு அன்று என்பதை மட்டும் வற்புறுத்துகிறோம். துப்பாக்கியோடு உயர் அழுத்தக் கைப்பம்பு, குண்டுகள், உதிரி ரப்பர் வளையங்கள், கண்ணாடிகள், குண்டு தாங்கும் பெட்டி ஆகியவற்றையும் கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பம்புக்குப் பணம் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் வாங்கியவர் மாடில்லாமல் வண்டி வாங்கியவரை ஒப்பர்.

உருளை சிறியதாக இருப்பது நல்லது. 200 மில்லிலிட்டர் உருளையை 120 பாரிலிருந்து 190 பாருக்கு ஏற்றவே 14 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். பெரிய உருளைக்குக் கைப்பம்பு அடிப்பவர் சோர்ந்து போவார். அழுத்தமானி தெளிவாகத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத வகையில் அந்த மானியே நமக்கு வழிகாட்டி. ஒவ்வொரு குண்டாக இடும் அமைப்பே பழகுவோர்க்கு ஏற்றது. உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் அதில் எழாது. பாதுகாப்புத் தாழ் உறுதியாக விழ வேண்டும். உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்று கேட்டறிக. மகாராஷ்டிரத்தில் உள்ள ப்ரெசிஹோல் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் இத்துறையில் இருப்பதால், வெளிநாட்டுப் பெயர் பொறித்த, செய்தவர் யாரென்று தெரியாத சரக்கை நாட வேண்டிய அவசியமில்லை. குழல் அளவும் ஆற்றலும் குறித்த தயாரிப்பாளரின் சான்றும், முகவரியிட்ட ரசீதும், அடையாளச் சான்று கேட்டுப் பதிவு செய்யும் விற்பனையாளரும் இல்லாத இடத்தில் வாங்கற்க.

நமது ஊருக்கே உரிய மூன்று எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது, கரிசல் புழுதி. அது மாவு போல் நுண்ணியது. காற்று நிரப்பும் துளையில் புகுந்தால் ரப்பர் வளையங்களை அறுத்துவிடும். மூடியைத் திறந்து வைக்கலாகாது. இரண்டாவது, வெயில். 27 பாகையில் 200 பார் நிரப்பிய உருளை, வெயிலில் 57 பாகைக்குச் சூடேறினால் 220 பார் ஆகிவிடும். ஆதலால் நிரப்பிய துப்பாக்கியைச் சித்திரை வெயிலில் சார்த்தி வைக்க வேண்டா. மூன்றாவதே மிக முக்கியமானது. பம்பு அடிக்கச் சோம்பி, பற்றவைப்புப் பட்டறையில் உள்ள ஆக்ஸிஜன் உருளையிலிருந்து நிரப்பிவிடலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜன் ஒரு துளி எண்ணெயோடு சேர்ந்தாலும் தீப்பற்றி வெடிக்கும். துப்பாக்கி கையிலேயே சிதறும். வெளிக்காற்றைத் தவிர வேறெதையும் அதனுள் அடைக்கலாகாது; வால்வுக்குச் சாதாரண எண்ணெயும் இடலாகாது.

எவ்வாறு வைத்துக்கொள்வது?

"சங்கப் பணத்தில் ஒன்று வாங்கிவிடலாமே" என்று சில அங்கத்தினர்கள் சொல்கிறார்கள். அது இயலாது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி நடக்கும் சங்கத்தின் நிதி, அதன் உபவிதிகளில் கூறிய நோக்கங்களுக்கே உரியது. நூல் வாங்கவும் விதை வாங்கவும் சேர்ந்த பணத்தில் துப்பாக்கி வாங்கினால், தணிக்கையில் அத்தொகை நிர்வாகக் குழுவினரின் சொந்தப் பொறுப்பில் ஏறும். நல்ல நோக்கம் என்பதற்காக விதி வளைவதில்லை.

ஆனால் கூட்டுறவு என்பது சங்கத்தின் பணப்பெட்டி மட்டுமன்று. அது ஒரு பழக்கம். பத்துக் குடும்பத்தார் தனியே கூடி, 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் இளைஞர் விளையாட்டுக் கழகம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளலாம். பங்கு போட்டு ஒரு துப்பாக்கி, ஒரு பம்பு வாங்கலாம். பத்து வீட்டில் பத்துத் துப்பாக்கி இருந்தால் ஒன்பது நாள் மூலையில் கிடந்து, பத்தாம் நாள் குழந்தையின் கையில் சிக்கும். ஒரே துப்பாக்கி என்றால் அதற்கு ஒரு பூட்டும், ஒரு பொறுப்பாளரும், ஒரு பதிவேடும் இருக்கும்.

பதிவேட்டில் எடுத்த நேரம், எடுத்தவர், கொடுத்த குண்டு, திரும்பிய குண்டு, அழுத்தமானியின் அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். துப்பாக்கி ஓரிடத்திலும் குண்டு வேறிடத்திலும் பூட்டப்பட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் சிறுவர் தொடலாகாது. தளம் மூன்று புறமும் சுவருள்ள இடமாகவும், இலக்குக்குப் பின்னே இரும்புத் தகடும் பழந்துணி அடைத்த பெட்டியும் உள்ளதாகவும் இருக்க வேண்டும். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். சுட்ட ஈயத்தைப் பொறுக்கிச் சேர்த்து வைக்க வேண்டும். ஈயம் நஞ்சு ஆதலால் அது கண்மாய் நீரிலோ மாட்டுத் தீவனத்திலோ கலக்கலாகாது. சுட்டபின் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. தொடங்குமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வைப்பது பின்னால் வரக்கூடிய பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

இவ்வளவு கட்டுப்பாடும் ஒரு விளையாட்டுக் கருவிக்கா என்று எவரேனும் சலித்துக்கொண்டால், அவர் இதை வாங்காமல் இருப்பதே நலம் என்று நாம் தயக்கமின்றிக் கூறுவோம். ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், ஒழுங்குபடுத்தும் வேலை வாங்குபவர் தலையில் விழுவதே. அவ்வேலையை ஏற்போருக்கு அது நல்ல பேரம். ஏற்காதவருக்கு எந்த விலையும் அதிகமே.

அடுத்த மகாசபைக்கு முன் அங்கத்தினர்கள் இதைத் தம்முள் கலந்து பேச வேண்டுகிறோம். உழவர்கள் இரவுக் காவலுக்கு முறை வகுக்கட்டும். சேத மனுக்களைச் செயலாளரிடம் எழுதித் தரட்டும். வயலைச் சுற்றிக் கட்டப் பழஞ்சேலை வேண்டுமென்றால் நெசவாளர் வீடுகளில் கேட்கட்டும். பிள்ளைகளின் கையையும் கண்ணையும் பழக்க விரும்பும் குடும்பங்கள் பத்தாகக் கூடட்டும். ஒரு துப்பாக்கி, 10 மீட்டர் தளம், ஒரு பதிவேடு என்ற அளவில் தொடங்கட்டும். அப்பதிவேட்டைக் காட்டினால், அடுத்த முறை வரும்போது சங்கக் கணக்கைப் பார்த்து முடித்தபின் அதையும் மகிழ்ச்சியோடு பார்ப்போம்.